ராஜா மஹியங்கனைக்கு வந்த வருஷம்

பக்கத்து வீட்டு டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் தாள்களோடு வந்து நின்றபோது நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். அவர் சிங்களவர். பதுளையில் ஒரு சிங்களப் பாடசாலையில் சரித்திரம் படிப்பிக்கிறவர். நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். பல வருஷமாக ஒரே மதிலுக்கு இரண்டு பக்கமும் குடியிருக்கிறோம். எங்கள் பேச்சு இரண்டு மொழியும் கலந்துதான் போகும். என்னை "நங்கி" என்று, தங்கச்சி முறையில் கூப்பிடுவார்.

"நங்கி, ஒரு வேலை இருக்கு. சம்பளம் கிடையாது. பிஞ்சுப் பலாக்காய்க் கறி கிடைக்கும்" என்றார்.

கையை உதறிவிட்டுத் தாள்களை வாங்கிப் பார்த்தேன். சிங்களத்தில் ஒரு நாடகம். அவருடைய பாடசாலைப் பிள்ளைகளும் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளும் சேர்ந்து போடப்போகிறார்களாம். பாதியைத் தமிழில் ஆக்கித் தர வேண்டும்.

"என்ன கதை?"

"கதை இல்லை, நடந்தது. லைப்ரரி வளவில் ஒரு கல்தூண் நிற்குதே, அந்த வருஷத்துச் சங்கதி."

நான் வேலைக்குப் போகும் வழிதான் அது. அங்கே கல் ஒன்று நிற்பது தெரியும். நாலு பக்கமும் எழுத்து இருக்கிறது என்பதும் தெரியும். நின்று பார்த்ததில்லை. டீச்சர் என் அடுப்படியில் உட்கார்ந்து, தேத்தண்ணி ஆறுவதையும் கவனிக்காமல், சொல்லத் தொடங்கினார்.

ஆயிரம் வருஷத்துக்கும் முந்திய காலம். ஒரு வருஷம் ராஜா மஹியங்கனை விகாரைக்கு வந்தார். அந்தப் பக்கத்தில் ஹோபிடிகம என்று ஒரு சந்தை இருந்தது. ராஜா வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, சந்தை வியாபாரிகளும் ஊர்க் குடும்பக்காரர்களும் சேர்ந்து போய் அவர் முன்னால் நின்றார்கள். முன்பிருந்த ராஜா இந்தச் சந்தைக்கென்று ஒழுங்குகள் வைத்திருந்தார், இப்போதுள்ள அதிகாரிகளின் ஆட்கள் அதை மதிக்கிறதில்லை, எடுக்கக் கூடாததையெல்லாம் எடுக்கிறார்கள் என்று முறையிட்டார்கள். ராஜா கேட்டார். இனி இப்படித்தான் நடக்க வேண்டும் என்று எழுதி, கல்லில் வெட்டி, சந்தையில் நட்டு வைக்கச் சொன்னார். அந்தக் கல்தான் பிறகு எங்கேயோ காட்டுக்குள் கிடந்து, யாரோ ஒரு வெள்ளைக்காரர் கண்ணில் பட்டு, கடைசியில் பதுளைக்கு வந்து சேர்ந்தது.

"என்ன ஒழுங்கு?" என்று கேட்டேன்.

சந்தைக்குக் கொண்டுவராத சரக்குக்குத் தீர்வை கேட்கக் கூடாது. முத்திரை குத்தாத அளவுப் படியைக் கொண்டு அளக்கக் கூடாது. போயா என்கிற பௌர்ணமி நாளில் வியாபாரம் செய்தால் விகாரை விளக்குக்கு எண்ணெய் கொடுக்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, தாளில் விரலை வைத்துக் காட்டினார். வீட்டுக்குரியவன் இல்லாத நேரத்தில் அவன் பெண்டாட்டி பிள்ளைகளைத் தொந்தரவு செய்யக் கூடாது.

"இந்த ஒரு வரிக்காகத்தான் நாடகமே எழுதினேன். ராஜாவுக்கு முன்னால் யாரோ இதைச் சொல்லியிருக்க வேண்டும் இல்லையா? சொல்லாமல் அது எப்படிக் கல்லில் ஏறும்?" என்றார்.

அவருடைய நாடகத்தில் அதைச் சொல்கிறவள் ஒரு வெற்றிலை வியாபாரியின் மனைவி. அவள் தமிழில் பேசுவாள், ராஜாவோடு வந்த எழுத்தன் ஒருவன் அதை ராஜாவுக்குச் சிங்களத்தில் சொல்வான்.

"அந்தச் சந்தையில் தமிழ் பேசினார்களா டீச்சர்?"

"வணிகர் கூட்டம் இருந்தது என்று கல் சொல்லுது. அவங்க வீட்டில் என்ன பாஷை பேசினாங்க என்று கல் சொல்லல்ல. நான் பார்த்த சந்தையிலெல்லாம் எல்லாப் பாஷையும் இருக்கு."

நான் நான்கைந்து இரவுக்குள் முடித்துவிட்டேன். முடித்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. ராஜா காலத்து நாடகம் என்றால் எப்படி எழுத வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு. "வேந்தே! கொழுநன் இல்லா மனைக்குள் நின் காவலர் புகுந்து..." என்று போயிற்று என் தமிழ்.

ஒத்திகை சனிக்கிழமைகளில், சிங்களப் பாடசாலை மண்டபத்தில். உச்சரிப்பைக் கவனிக்க வேண்டும் என்று டீச்சர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வியாபாரியின் மனைவியாக நடிக்க வந்தவள் ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளைக்குப் படிக்க வருகிறவள். ஒல்லியான பிள்ளை, பேசும்போது புருவம் மட்டும் துள்ளும். என் வசனத்தை ஒரு தடவை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"இந்தப் பொம்பள புருசன் இல்லாம பிள்ளைகளோட தனியா நிக்கிறா. அவளுக்கு இவ்வளவு நீளமா பேச மூச்சு எங்கருந்து வரும்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சருக்குப் பாதி விளங்கி, மீதியை நான் சொன்னதும் அவரும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். "சரி, வேற மாதிரி எழுதுவோம். ராஜாகிட்ட நீ போனா எப்படிச் சொல்லுவ?"

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். ராஜாவாக நடிக்கிற பையன் பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"ஐயா, வீட்டுல ஆம்பள இல்லாத நேரம் பாத்து வர்றாங்க. நாங்க யாருகிட்ட..."

அங்கேயே நின்றுவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து, உற்சாகப்படுத்த யாரோ கை தட்டினார்கள். அவள் தலையைக் குனிந்து, "தண்ணி குடிச்சிட்டு வர்றேன் மிஸ்" என்று வெளியே போனாள். திரும்பி வந்து ஒழுங்காகத்தான் சொன்னாள். நான் அவள் சொன்னபடியே எழுதிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. தமிழ்ப் பாடசாலையில் விசாரித்தால், அங்கேயும் வருவதில்லையாம். காய்ச்சலாக இருக்கும் என்றார்கள். வேறு பிள்ளையைப் போடலாமா என்று ஒருவர் கேட்டதற்கு "கொஞ்சம் பொறுங்க" என்றார் டீச்சர். வெளியே வந்ததும், "நங்கி, செருப்பை மாற்றிக்கொள். மேலே போய்ப் பார்ப்போம்" என்றார்.

ஹாலிஎல வரைக்கும் பஸ். பிறகு ஒரு முச்சக்கரவண்டி, பாதை உடைந்து கிடக்கிற இடம் வரைக்கும். அங்கிருந்து நடை. டீச்சருக்கு முழங்கால் வலி. தேயிலைக்கு நடுவே ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் பிறந்ததும் இப்படி ஒரு தோட்டத்தில்தான், அப்புத்தளைப் பக்கம். மழை விட்ட பிறகு லயத்து வரிசை வீடுகளின் பக்கமிருந்து வரும் விறகுப் புகையின் வாடை என்னை எங்கே நிறுத்தினாலும் எனக்குத் தெரியும்.

அவள் லயத்தில் தங்கள் காம்பராவின், அந்த ஒற்றை அறை வீட்டின், வாசற்படியில் கணக்குக் கொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்தாள். முதலில் சந்தோஷம், உடனே பயம், இரண்டும் முகத்தில் தெரிந்தன.

"ஏம்மா வரல?"

"பூட்டிட்டு வர முடியாது மிஸ்."

"ஏன், பூட்டு இல்லையா?"

"எங்க பூட்டு இருக்கு. அதுக்கு மேல அவங்க பூட்டப் போட்டுருவாங்க."

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய் உட்கார்ந்தோம். அவளுடைய தங்கச்சி, சின்னவள், அரிசி களைந்துகொண்டிருந்தாள். பெரியவள் நின்றபடியே சொன்னாள்.

அப்பா போன வருஷமே தோட்டத்து வேலையை விட்டுக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போய்விட்டார். அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். ஒரு மழை நாளில் சறுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்து, இப்போது பதுளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தோட்டத்துக் கிளார்க், ஆபீஸ் ஐயா, இரண்டு பேரோடு வந்தாராம். இந்தக் காம்பராவில் இப்போது தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்தவர் யாரும் இல்லை, வேறு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது, சாமான்களை எடுத்து வையுங்கள் என்றாராம். மறுபடியும் வந்தாராம். ஆள் இல்லாவிட்டால் பூட்டிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

"பக்கத்துல யாரும் இல்லையா?"

"பகல்ல எல்லாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருவாங்க மிஸ். பக்கத்து வீட்டு அத்தை ராத்திரிக்கு வந்து படுத்துக்கிறாங்க. பகலுக்கு நான்தான். தங்கச்சிய ஸ்கூலுக்கு அனுப்பிருவேன்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். வந்து பேசுறேன்னாரு. லீவு குடுக்கலையாம்."

"அம்மாவுக்கு?"

அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். "அம்மாகிட்ட சொல்லிறாதீங்க மிஸ். கேட்டா அந்தக் காலோட எந்திரிச்சு வந்துரும்."

அவள் பேசியதை டீச்சர் என் வாயால் கேட்கக் காத்திருக்கவில்லை. முக்கால்வாசி விளங்கியிருந்தது. எழுந்து சேலையைச் சரி செய்தார். "ஆபீஸ் எங்கே?" என்று அவளிடம் தமிழிலேயே கேட்டார்.

தோட்டத்து ஆபீஸில் மனேஜர் துரை இருந்தார். இளம் வயது, மரியாதையானவர். டீச்சரைக் கண்டதும் எழுந்து நாற்காலி காட்டினார். டீச்சர் உட்காரவில்லை. சிங்களத்தில் தொடங்கினார். நடந்ததைச் சொன்னார். துரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, காம்பரா வேலை செய்கிற குடும்பத்துக்குத்தான், அது தோட்டத்து விதி, ஒழுகுகிற லயத்தில் வேறொரு குடும்பம் கைக்குழந்தையோடு இருக்கிறது, அவர்களுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும் என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த ஊவாவில் ஒரு ராஜா கல்லில் வெட்டி வைத்தார், தெரியுமா? வீட்டுக்காரன் இல்லாத நேரத்தில்..."

துரை மெல்லச் சிரித்தார். "டீச்சர், நான் ராஜா இல்லை. எனக்கு மேலே கொழும்பில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்."

டீச்சர் முகம் சிவந்துபோய் நின்றார். அவர் அடுத்து என்ன சொல்வாரோ என்று பயந்து நான் நடுவில் புகுந்தேன். மொழிபெயர்ப்பு வேலையில் பழகிய நிதானக் குரல்தான். "ஐயா, காம்பராவைப் பற்றி இன்றைக்கு நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அந்த அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வரட்டும். பேச வேண்டியதை அவங்ககிட்ட பேசுங்க. அதுவரைக்கும் அந்த வாசலுக்கு யாரும் போக வேண்டாம். இரண்டு பிள்ளைகள் மட்டும் இருக்கிற வீடு. இதை மட்டும் சொல்லிவிடுங்க."

துரை என் பக்கம் திரும்பினார். "பிள்ளைகள் மட்டுமா இருக்கிறார்கள்? யாரோ பெரியவங்க துணைக்கு இருப்பதாகத்தான் எனக்குச் சொன்னாங்க" என்றார். பிறகு ஆபீஸ் ஐயாவைக் கூப்பிட்டார். அவர் வந்து, "பாத்துட்டு வரத்தான் போனேன் சேர்" என்றார். "இனிப் பார்க்கப் போக வேண்டாம். அம்மா வரட்டும்" என்றார் துரை. அவ்வளவுதான். நாங்கள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம்.

இறங்கி வரும்போது டீச்சர் தரையைப் பார்த்தபடி கனமாக அடி வைத்தார். தன்னைப் பார்த்துத் துரை சிரித்துவிட்டார் என்ற வருத்தம் அவருக்கு. எனக்கு மனம் அந்தப் பழைய வருஷத்துக்கே போயிற்று. ராஜா குதிரையோ யானையோ ஏறி ஊருக்குத் திரும்பியிருப்பார். முறையிட்டவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அதே அதிகாரியின் ஆட்கள் மறுநாளும் அதே சந்தைக்குத்தானே வந்திருப்பார்கள்? எதிரில் கண்டபோது அந்தப் பெண் எந்தப் பக்கம் பார்த்திருப்பாள்? கல்லில் அது இல்லை. முறையிட்டவர்கள் ஒருவரின் பெயரும் இல்லை என்று டீச்சர் சொல்லியிருந்தார். அன்றைக்கு எனக்கு அவர்கள் எல்லாரும் தெரிந்த மனிதர்கள் மாதிரி இருந்தார்கள். இதை டீச்சரிடம் சொன்னேன்.

"வந்திருப்பாங்கதான். ஆனால் கொஞ்சம் தள்ளி நின்றிருப்பாங்க" என்றார். அதற்குப் பிறகு அவருக்கு நடை கொஞ்சம் லேசாகிவிட்டது.

அந்தப் பெண் திங்கட்கிழமை பாடசாலைக்குப் போனாள். சனிக்கிழமை ஒத்திகைக்கும் வந்தாள். வசனத்தை வீட்டிலிருந்தே மனப்பாடம் செய்திருந்தாள்.

நாடகம் ஒரு பின்னேரம், பதுளை நகர மண்டபத்தில். வெளியே நல்ல மழை. தகரக் கூரையில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு முச்சக்கரவண்டி வாசலில் வந்து நின்றது. பக்கத்து வீட்டு அத்தை இறங்கி ஊன்றுகோலை நீட்ட, அந்தப் பெண்ணின் அம்மா இறங்கினாள். ஆஸ்பத்திரியிலிருந்து விட்டு நாலைந்து நாள்தான். நான் போய்த் தாங்கிக் கூட்டி வந்து முன்வரிசையில் காலை நீட்டி உட்கார வைத்தேன். தங்கச்சிக்காரி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

சந்தைக் காட்சி கலகலப்பாகப் போனது. ராஜா பையன் கிரீடம் நழுவாமல் இருக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தான். பிறகு வியாபாரியின் மனைவி வந்தாள். கையில் வெற்றிலைத் தட்டு. அதைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"ஐயா, வீட்டுல ஆம்பள இல்லாத நேரம் பாத்து வர்றாங்க. நாங்க யாருகிட்ட பேசுறது? பிள்ளைக பயந்துபோய் கதவப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. ஒரு நாளைக்கு வந்து பாருங்க ஐயா."

கடைசி வரி நான் எழுதியது இல்லை. எழுத்தனாக நடித்த பையன் திகைத்து, பிறகு சுதாரித்து, அதையும் சேர்த்து ராஜாவுக்குச் சிங்களத்தில் சொன்னான். பின்வரிசையில் தோட்டத்திலிருந்து வந்திருந்த பெண்கள் கை தட்டினார்கள். சிங்களப் பிள்ளைகளின் தாய்மாரும் தட்டினார்கள். ராஜா என்ன உத்தரவு போட்டார் என்பது யாருக்கும் கேட்கவில்லை.

அம்மா கை தட்டவில்லை. என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டாள்.

"மிஸ், இது நாடகத்துக்கு எழுதுனதா, இல்ல வீட்டுல நடந்ததா?"

சொல்லாதே என்று பிள்ளை கேட்டிருந்தாள். நான் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுபக்கம் இருந்த சின்னவள்தான், "வந்தாங்கம்மா, ரெண்டு தடவ" என்று சொல்லிவிட்டாள்.

அம்மா அழவில்லை. நாடகம் முடிந்து மகள் சாயம் பூசிய முகத்தோடு ஓடி வந்தபோது, தன் சேலைத் தலைப்பால் அந்தச் சாயத்தைத் துடைத்துவிட்டாள். "என்கிட்ட ஏண்டி சொல்லல?" என்று கேட்டாள். "சொன்னா நீ எந்திரிச்சு வந்திருப்ப" என்றாள் மகள். "வந்திருப்பேன்தான்" என்றாள் அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகுதான் மகள் அழுதாள், நாங்கள் யாரும் பார்க்காத மாதிரி அம்மாவின் தோளில் முகத்தை வைத்து.

அந்த வாரமே அம்மா ஊன்றுகோலோடு ஆபீஸுக்குப் போயிருக்கிறாள். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. மலைக்கு ஏறி இனிப் பறிக்க முடியாது, அது எனக்கே தெரியும், உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கொடுங்க, என் பேர் வேலைக்கு இருக்கட்டும் என்று துரையிடம் கேட்டிருக்கிறாள். உடனே கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பப் போனாள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைமடுவத்தில் ஒரு ஆயா வயதாகி வேலையை விட்டு நின்றபோது, அந்த இடத்தை அவளுக்குக் கொடுத்தார்கள். காம்பரா அவர்களுக்கே இருந்தது. கைக்குழந்தையோடு ஒழுகுகிற லயத்தில் இருந்த குடும்பத்துக்குக் கூரையை மாற்றிக் கொடுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்கு எவ்வளவு நாளானது என்று கேட்கவில்லை. அப்பா தீபாவளிக்கு வந்து, ஒரு வாரம் இருந்துவிட்டு, மறுபடி கொழும்புக்குப் போய்விட்டார்.

டீச்சர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். நாடகத்தில் நடித்த அந்தப் பெண் பண்டாரவளையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி உயர்தர வகுப்புப் படிக்கிறாள். சரித்திரம் எடுப்பாள் என்று டீச்சர் ஆசையோடு இருந்தார். அவள் கணக்கியலை எடுத்துக்கொண்டாள். டீச்சர் ஒரு நாள் முழுக்க முணுமுணுத்துவிட்டு, பிறகு அவளுக்கு ஒரு நல்ல கல்குலேட்டர் வாங்கி அனுப்பினார்.

போன மாதம் நாங்கள் இருவரும் அந்தத் தோட்டத்துக்கு மறுபடி போனோம். அம்மா பிள்ளைமடுவத்து வாசலில் நின்று வரவேற்றாள். ஊன்றுகோல் இல்லை. கொஞ்சம் சாய்ந்து நடக்கிறாள், அவ்வளவுதான். உள்ளே தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒன்று அழ, இன்னொன்றும் சேர்ந்து அழுதது. "இதக் கொஞ்சம் பிடிங்க மிஸ்" என்று ஒரு குழந்தையை என் கையில் திணித்துவிட்டு மற்றதைத் தூக்கப் போனாள். டீச்சர் தன் பங்குக்கு ஒன்றைத் தூக்கி மடியில் போட்டு, சிங்களத்தில் ஏதோ பாடினார். அவர் மடியில் இருந்தது உடனே தூங்கிவிட்டது. என்னுடையது என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.